கடல் கடக்கும் சமூக நிறுவனம்: கிளையா, உரிமமா, கற்றுக்கொடுப்பதா?

மக்கள் நலனையே நோக்கமாகக் கொண்டு நடக்கும் ஒரு சமூக நிறுவனம் சொந்த ஊரில் பேர் வாங்கிவிட்டால், ‘எங்கள் நாட்டுக்கும் வாருங்கள்’ என்ற அழைப்பு தானாக வந்துசேரும். அழைப்பவர் சில சமயம் ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகம். சில சமயம் கையில் நிதியை வைத்துக்கொண்டு செலவழிக்க இடம் தேடும் அறக்கட்டளை. பெரும்பாலும், நேரில் வந்து பார்த்து மனம் நெகிழ்ந்துபோன ஒரு தனிமனிதர். அறங்காவலர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்ததும் எல்லோர் மனத்திலும் ஒரே காட்சிதான் விரிகிறது: அந்த ஊரில் நம் பெயர்ப்பலகை, நம் ஆட்கள், நம் கிளை.

கிளை திறப்பது வழிகளில் ஒன்று மட்டுமே. பெயரையும் முறையையும் உரிமமாகக் கொடுக்கலாம். பெரிய நிறுவனத்தோடு கூட்டுச் சேரலாம். கருவியை அல்லது பொருளை மட்டும் விற்கலாம். தெரிந்ததைக் கற்றுக்கொடுத்து வழியனுப்பி வைக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தவர்கள் வங்கதேசத்திலும் மதுரையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ஹார்வர்டு பாடப்புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டிலிருந்து வெளியே போக நினைக்கும் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கிளை என்பது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. உங்கள் வேலையில் எந்தப் பகுதி கெட்டால் மற்றதெல்லாம் கெடுமோ, அதை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டு மற்றதை அந்த ஊர்க்காரர்களிடம் விட முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பிராக் போன வழி

சொந்தக் கிளை வேண்டும் என்று வாதிடுபவர்கள் வங்கதேசத்தின் பிராக் அமைப்பையே சுட்டுவார்கள். 1972இல், விடுதலைப் போருக்குப் பின் ஊர் திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டித் தரும் வேலையோடு, சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் ஃபசல் ஹசன் ஆபெத் அதைத் தொடங்கினார். முதல் முப்பது ஆண்டுகள் அது நாட்டை விட்டு வெளியே கிளை பரப்பவில்லை. 2002இல் ஆப்கானிஸ்தான் போனது. சுனாமிக்குப் பின் இலங்கை. 2006இல் உகாண்டாவும் தான்சானியாவும். அடுத்து பாகிஸ்தான், லைபீரியா, சியரா லியோன். 2009இல் இந்த வெளிநாட்டு வேலைகளுக்கென்றே நெதர்லாந்தில் தனி அமைப்பைப் பதிவு செய்தது.

பிராக் ஏன் மற்றவர்களிடம் முறையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை? அதன் வேலையில் பெரும்பகுதி குறுங்கடன், அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு தொகைக் கடன். குறுங்கடனில் கெடக்கூடிய பகுதி பணம் கைமாறும் இடம். வாரந்தோறும் கூட்டம், தவணை வசூல், அன்றைய கணக்கு அன்றே கிளை அலுவலகத்தில் முடிவது, கள ஊழியரின் பதிவேட்டை மேலாளர் திடீரென்று போய்ச் சரிபார்ப்பது. இவையெல்லாம் கையேட்டில் எழுதிவிடக்கூடியவைதான். ஆனால் ஒரு மேலாளர் எந்தத் தவணை தவறியதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைக் கண்டதும் அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது பழகி வருவது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் வங்கதேசத்தில் இருந்தார்கள். பிராக் அவர்களையே அனுப்பியது.

அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. ஆப்கானிஸ்தானில் வங்கதேச ஊழியர்கள் கடத்தப்பட்டார்கள். உகாண்டாவில் 2006இல் தொடங்கிய குறுங்கடன் வேலை, மக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் உரிமமுள்ள நிதி நிறுவனமாக மாறியது 2019இல்தான். இலங்கையில் சுனாமி நிவாரணத்தின் தொடர்ச்சியாக வளர்ந்த நிதி வேலை, கடைசியில் எல்ஓஎல்சி என்ற இலங்கை நிதிக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. கிளை திறந்தால் கட்டுப்பாடு நம்மிடம் இருக்கும் என்று நம்புபவர்கள் இந்த இலங்கைக் கதையை ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும். வேறொரு நாட்டின் மத்திய வங்கி வகுக்கும் விதிக்குள்தான் உங்கள் கட்டுப்பாடு. அங்கே நிறுவனம் என்பது பங்கு. பங்கு என்றால் விற்கலாம், வாங்கலாம்.

பிராக்கை எடுத்துக்காட்டும்போது வழக்கமாக விட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டுக்குப் புறப்படும்போது அதனிடம் ஆரோங் கைவினைக் கடைகள் இருந்தன, பால் பதனிடும் தொழில் இருந்தது, உள்நாட்டுக் கடன் வேலையின் வட்டி வருமானம் இருந்தது. ஒரு நாட்டில் ஐந்து ஆண்டுகள் கையைக் கடித்தாலும் தாய் நிறுவனம் ஆட்டம் காணாது. அப்படியொரு பின்பலம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

கல்வியில் இந்த வழி இன்னும் ஆபத்தானது. கென்யாவில் 2009இல் தொடங்கிய பிரிட்ஜ் இன்டர்நேஷனல் பள்ளிகள் குறைந்த கட்டணத்தில் வேகமாகப் பல நாடுகளுக்குப் பரவின. 2016இல் உகாண்டா அரசு அவற்றை மூடச் சொன்னது. நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. பள்ளி, மருத்துவமனை, வங்கி மூன்றும் அரசின் அனுமதியில் மூச்சுவிடுபவை. வெளிநாட்டுப் பெயர்ப்பலகையோடு நிற்பவர்கள்மேல் அரசியல்வாதிகளின் கண் முதலில் விழும்.

நட்டுக் கொடுத்துவிட்டு வருவது

அதே வங்கதேசத்தில், அதே குறுங்கடனில், கிராமீன் வங்கி வேறு பாதையில் போனது. மலேசியாவில் அதன் முறையைக் கொண்டுபோனவர்கள் கிராமீன் ஊழியர்கள் அல்லர். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். 1986இல் சோதனைத் திட்டம். 1987இல் அமானா இக்தியார் மலேசியா என்ற தனி அமைப்பு. அதன் பின்னால் அரசின் நிதி நின்றது. கிராமீனுக்கு அதில் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை. முறை மட்டும் போனது, ஊன்றி நின்றது.

1989இல் உருவான கிராமீன் டிரஸ்ட் இதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தது. அனுபவமுள்ள ஆட்களை அனுப்பி, நன்கொடையாளர் பணத்தில் அமைப்பை நிறுவி, சில ஆண்டுகள் தானே நடத்தி, உள்ளூர் ஆட்கள் பழகியதும் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது. போர் முடிந்த கையோடு 1999இல் கொசோவோவில் இப்படிச் செய்தார்கள். 2003இல் துருக்கியின் தியார்பக்கிரில் செய்தார்கள். இந்த வழியை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வியப்பு. கிளையின் பலமான பழகிய ஆட்களின் நேரடி மேற்பார்வை இதில் கிடைக்கிறது. கிளையின் சுமையான காலவரையற்ற பொறுப்பு இதில் இல்லை. பலவீனமும் வெளிப்படை. ஒப்படைக்கும் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் நன்கொடையாளரின் நிதியாண்டு. உள்ளூர் மேலாளரின் முதிர்ச்சி அல்ல. இந்த வழியில் போவதானால் தேதிக்குப் பதிலாக நிபந்தனையை எழுதிக்கொள்ள வேண்டும்: இத்தனை மாதம் தொடர்ந்து இன்ன கணக்கு இன்ன நிலையில் இருந்தால் ஒப்படைப்பு என்று.

உரிமம் எங்கே எடுபடும்

உரிமம் கொடுப்பது, அதாவது ஃபிரான்சைஸ் என்றதும் இட்லிக் கடைச் சங்கிலி நினைவுக்கு வரும். சமூக நிறுவனங்களிலும் அது நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வகை வேலைக்கு மட்டும். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் 1988இல் ஆந்த்ரேயாஸ் ஹைனெக்கே தொடங்கிய ‘டயலாக் இன் தி டார்க்’ அத்தகையது. முழு இருட்டான அறைகளில் பார்வையற்றவர்கள் வழிகாட்டிகளாக நின்று, பார்வையுள்ளவர்களைக் கைபிடித்து நடத்திச் செல்கிறார்கள். சந்தையும் தெருவும் சிற்றுண்டிக் கடையும் அந்த இருட்டுக்குள் இருக்கும். பல நாடுகளுக்கு அது உரிமத்தின் மூலமே பரவியது. ஹைதராபாத், சென்னை வணிக வளாகங்களுக்கும் வந்தது.

இதில் உரிமம் எடுபட்டதற்கு இரண்டு காரணங்கள். வருபவர் டிக்கெட் வாங்குகிறார். ஆகவே உரிமக் கட்டணம் கொடுக்கப் பணம் இருக்கிறது. தரத்தைச் சரிபார்ப்பதும் எளிது: அறை முழு இருட்டா, வழிகாட்டிகள் பார்வையற்றவர்களா, பயிற்சி பெற்றவர்களா, ஊதியம் போய்ச் சேர்கிறதா. ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டும் இல்லாத வேலைக்கு உரிமம் கொடுப்பது வீண் வம்பு. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை தரும் இடத்தில் உரிமக் கட்டணத்தை யார் கொடுப்பார்கள்? ஒரு சுயஉதவிக் குழுவுக்குள் மூத்த உறுப்பினர் இளையவரை மிரட்டுகிறாரா என்பதை எந்தத் தணிக்கைப் படிவம் கண்டுபிடிக்கும்?

வீடற்றவர்கள் தெருவில் விற்கும் ‘தி பிக் இஷ்யூ’ இதழ் இன்னும் தளர்வான உறவை வைத்துக்கொண்டது. 1991இல் லண்டனில் தொடங்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, தைவான் என்று பெயர் பரவியது. ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் நிறுவனமே நடத்துகிறது. எழுதுவதும் அவர்கள், நட்டப்பட்டால் தாங்குவதும் அவர்கள். விற்பவர் இதழைக் குறைந்த விலைக்கு வாங்கி, அட்டை விலைக்கு விற்று, வித்தியாசத்தைத் தானே வைத்துக்கொள்ளும் அந்த எளிய கணக்கு மட்டும் எங்கும் மாறாமல் இருக்கிறது. மாறக் கூடாதது இவ்வளவு சின்னதாக இருந்தால் உரிம ஒப்பந்தம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

கூட்டு நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. புகழ்பெற்றது 2006இல் பிறந்த கிராமீன் டனோன். டனோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் கிராமீனோடு சேர்ந்து வங்கதேசத்தின் போக்ராவில் ஊட்டச்சத்துத் தயிர் ஆலை கட்டியது. தொடக்கத்துக்குக் கால்பந்து வீரர் ஜிடானே வந்துபோனார். கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக விற்ற தயிரின் விலை தொடக்கத்தில் அந்நாட்டு நாணயத்தில் 5 டாக்கா. 2008இல் பால் விலை ஏறியதும் தயிர் விலையையும் ஏற்றினார்கள். கிராமத்தில் விற்பனை சரிந்தது. பிறகு கோப்பையைச் சிறிதாக்கி விலையை இறக்கினார்கள். டாக்கா நகரத்துக் கடைகளிலும் விற்கத் தொடங்கினார்கள். ஆலை நிற்கவில்லை, ஆனால் யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களுக்கு விற்பதை மட்டும் கொண்டு அந்த ஆலையைத் தாங்க முடியவில்லை. பெரிய நிறுவனத்தோடு சேருபவருக்கு இயந்திரமும் தர அறிவும் கிடைக்கும். பெரிய ஆலைக்குப் பெரிய விற்பனை தேவை என்ற நெருக்கடியும் கூடவே வரும்.

மதுரையின் இரட்டை வழி

இந்த ஒப்பீட்டில் என் மனம் அதிகம் தங்குவது அரவிந்த் கண் மருத்துவமனையில். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அது. அறுவைச் சிகிச்சை அறையில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு முடிந்ததும் மருத்துவர் அடுத்தவர் பக்கம் திரும்புவார், அதற்குள் அங்கே எல்லாம் தயாராக இருக்கும். மருத்துவரைச் சுற்றி நிற்பவர்கள் இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்து இளம்பெண்கள். கட்டணம் கொடுப்பவர்களின் வரவிலிருந்து கொடுக்க முடியாதவர்களின் செலவு ஈடாகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடாத நாடு குறைவு.

அரவிந்தின் சொந்த மருத்துவமனைகள் பெருமளவும் தமிழ்நாட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் பெருகின. வெளிநாடுகளுக்குப் போனவை வேறு இரண்டு. 1992இல் லயன்ஸ் சங்கங்களின் துணையோடு லைக்கோ என்ற பயிற்சி, ஆலோசனை நிறுவனம். அதே 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை.

லைக்கோ கற்றுக்கொடுக்கும் விதம் கவனிக்க வேண்டியது. ஒரு மருத்துவர் மட்டும் வந்து கற்றுப்போவதை அது நம்புவதில்லை. வரும் மருத்துவமனையின் அறங்காவலர், மருத்துவர், செவிலியர், நிர்வாகி என ஒரு குழுவே மதுரைக்கு வந்து, தங்களுடைய எண்களை மேசைமேல் வைத்துத் திட்டம் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு முன் லைக்கோ ஆட்கள் அங்கே போய் நிலவரம் பார்த்திருப்பார்கள். பின்னாலும் தொடர்ந்து கணக்குக் கேட்பார்கள். இப்படி 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பயன்பெற்றிருக்கின்றன. தனியாகக் கற்றுத் திரும்பும் மருத்துவரைப் பழைய நிர்வாகி ஒரே மாதத்தில் பழைய வழிக்கு இழுத்துவிடுவார் என்பது நிர்வாகம் தெரிந்த எவருக்கும் புரியும்.

ஆனால் பயிற்சி மட்டும் போயிருந்தால் நின்றிருக்குமா என்பது சந்தேகம். கண்புரை எடுத்த பின் வைக்கும் உள்விழி லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை 100 டாலர் அளவில். எவ்வளவு வேகமாக அறுவைச் சிகிச்சை செய்தாலும், அந்த விலையில் ஏழைக்கு இலவசம் என்பது கணக்கில் நிற்காது. ஆரோலேப் அதைத் தொடக்கத்தில் 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. பிறகு இன்னும் இறக்கியது. ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ தரக் குறியையும் பெற்றது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் திரும்பிவிட்டாலும் மலிவு லென்ஸ் மாதந்தோறும் போய்ச் சேருகிறது. கெட்டால் எல்லாம் கெடும் பகுதி எதுவோ, அதன் உற்பத்தி மட்டும் மதுரையில்.

இதே லென்ஸுக்கு வேறு விடையும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிரெட் ஹாலோஸ் அறக்கட்டளை அதே பத்தாண்டில் நேப்பாளத்திலும் எரித்திரியாவிலும் தொழிற்சாலையே அமைத்துக் கொடுத்தது. உள்ளூர் வேலைவாய்ப்பு, உள்ளூர் பெருமை, இறக்குமதியை நம்பாத நிலை: மூன்றும் மதிப்புள்ளவை. ஆனால் லென்ஸ் போன்ற பொருளில் எண்ணிக்கை பெருகப் பெருகத்தான் ஒன்றின் அடக்கவிலை குறையும். சந்தை சிறிதான நாட்டில் ஆலை வைப்பவர் ஏற்றுமதிக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். விலைதான் உங்கள் உயிர்நாடி என்றால் ஒரே இடத்தில் செய்து ஊரெங்கும் அனுப்புங்கள் என்பேன்.

கோவையின் முருகானந்தம் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். மாதவிடாய் நாப்கினை ஏற்றுமதி செய்யாமல், நாப்கின் செய்யும் எளிய இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். எந்தப் பெயரில் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதெல்லாம் அந்தந்தக் குழுவின் பாடு. பல நாடுகளுக்கு இயந்திரம் போனது. இதைவிட வேகமாகப் பரவும் வழி கிடையாது. தலைமையகத்துக்குச் சுமையும் மிகக் குறைவு. இயந்திரம் போய்ச் சேர்ந்த பிறகு மூலப்பொருளான மரக்கூழ் எங்கே வாங்குவது, பழுதானால் யார் பார்ப்பது, பெரிய கம்பெனி விலையைக் குறைத்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் குழுவின் தலையில் விழும். கருவி விற்பவர் உதிரிப் பாகத்துக்கும் மூலப்பொருளுக்கும் அந்த நாட்டிலேயே ஓர் ஆளைப் பிடித்துவைக்காவிட்டால், சில ஆண்டுகளில் அது மூலையில் நிற்கும் இரும்பு.

விட்டுக்கொடுப்பதன் பலத்துக்கு யாழ்ப்பாணம் சாட்சி. ஜெய்ப்பூர் செயற்கைக் காலுக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அதனால்தான் 1980களின் பிற்பகுதியில், போர் சூழ்ந்திருந்த யாழ்ப்பாணத்தில், உள்ளூர் ஆட்களே நடத்தும் ஜெய்ப்பூர் மறுவாழ்வு மையம் எழுந்து, கால் இழந்தவர்களுக்கு அங்கேயே செய்து பொருத்த முடிந்தது. ஜெய்ப்பூரிலிருந்து கிளை திறந்துதான் செய்வோம் என்றிருந்தால் எந்தக் கப்பலில், யார் போயிருப்பார்கள்?

நம் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது

விருப்பத்தைப் பேசிக்கொண்டே போகலாம். ஆடிட்டரிடம் போனால் பாதி முடிவு அவர் மேசையிலேயே ஆகிவிடும். 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளில், அறக்கட்டளை, சங்கம் என்ற வடிவில் இருப்பவற்றுள் பெயர் சொல்லி இடம் பெறுபவை கல்வித்துறையில் இருப்பவையும் மருத்துவமனை அமைத்தவையும்தான். அவையும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும்; குறைந்தது மூன்று நிதியாண்டுகள் நடந்திருக்க வேண்டும்; வெளிநாட்டிலும் அதே துறையில்தான் முதலீடு செய்ய வேண்டும். நிறுவனச் சட்டத்தின்கீழ் கம்பெனியாகப் பதிவானவர்களுக்குப் பாதை அகலம்.

வருமான வரியில் இன்னொரு முடிச்சு. அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இருந்தாலொழிய, அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. வெளிநாட்டு நன்கொடையில் நடப்பவர்களுக்கு 2020 திருத்தம் ஒரு கதவை மூடிவிட்டது: பெற்ற பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

இவை எல்லாம் கிளையை எதிர்த்தும், கற்றுக்கொடுப்பது, விற்பது இரண்டையும் ஆதரித்தும் தள்ளுகின்றன. வெளிநாட்டவர் இங்கே வந்து கட்டணம் கட்டிக் கற்றால் அந்தப் பணம் உள்ளே வருகிறது, வெளியே போவதில்லை. ஆனால் இங்கும் ஒரு பள்ளம் உண்டு. மருத்துவம், கல்வி போன்ற வகைகளில் சேராமல், பொதுப் பயன் என்ற பொது வகையில் பதிவான அறக்கட்டளையின் வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கே ஆட்டம் காணும். பயிற்சிக் கட்டணம் பெருகுமானால் அதற்கென்று தனிக் கம்பெனி தொடங்குவது நல்லது.

ஆக, பணமோ வைப்புத்தொகையோ கையாளும் நிறுவனம், உள்நாட்டில் உபரி வருமானமும் அனுப்ப ஆளும் இருந்தால் கிளைக்குப் போகலாம். அப்போதும் நட்டுக் கொடுத்துத் திரும்பும் வழியை முதலில் பரிசீலிக்க வேண்டும். டிக்கெட் வாங்கும் வாடிக்கையாளரும் ஒரு நாளில் சரிபார்க்கக்கூடிய தரமும் இருப்பவர்கள் உரிமம் கொடுக்கலாம். மருத்துவம், கைத்தொழில், வேளாண்மை, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் என்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் செய்யும் வேலைகளுக்கு மதுரையின் இரட்டை வழியையே சொல்வேன்: குழுவாக வரவழைத்துக் கற்றுக்கொடுப்பது, மையமான பொருளை இங்கிருந்து அனுப்புவது. இதில் இழப்பும் உண்டு. கற்றுப்போனவர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழை நோயாளியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதைத் தடுக்க உங்களிடம் எந்த அதிகாரமும் இருக்காது. லென்ஸ் தர மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. அதைத் தாங்க முடியாது என்பவர்கள் பயிற்சிக்குச் சேர்க்கும்போதே இலவச நோயாளிகளின் பங்கை நிபந்தனையாக்கி, ஆண்டுக்கொரு முறை எண்ணிக்கையைக் கேட்டு வாங்கலாம். தராதவரை அடுத்த சுற்றுப் பயிற்சிக்குச் சேர்க்காமல் விடலாம்.

வந்த அழைப்புக்குப் பதில் எழுதும்போது இரண்டு கேள்விகள் போதும். நான்காவது ஆண்டில் அங்கே சம்பளம் கொடுக்கப்போவது யார்? உங்கள் நிர்வாகியும் மூத்த பணியாளரும் சொந்தச் செலவில் இரண்டு வாரம் இங்கே வந்து தங்க முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் வராமல் இரண்டாவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டால்கூட, வரச் சொல்லலாம். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அந்தக் கோப்பை அடுத்த அறங்காவலர் கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.